கீழே கிடந்த மைக்

அந்தக் குழுவின் ஆறு ஒலித்தட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. முதல் ஐந்தையும் பழைய தட்டு விற்கும் கடைகளில் ஏறி இறங்கித் தேடி வாங்கினேன். ஆறாவது தட்டின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், என் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அங்கே வந்து சேர்ந்த கதையில் எனக்குப் பெருமைப்பட அதிகம் இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் அவர்களுடைய பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். பிரெஞ்சு பேசுகிற இந்த மாகாணத்தின் பழைய நாட்டுப்பாட்டையும் அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களின் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு நடன மண்டபத்துக்குள் விட்டுக் குலுக்கினால் என்ன வருமோ, அதைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள். கன்ட்ரி ஸ்விங் என்பார்கள். பாதிப் பாட்டு பிரெஞ்சில், பாதி ஆங்கிலத்தில், சில வேளை ஒரே வரிக்குள் இரண்டும். ஒரு பாட்டில், பனி அள்ளும் வண்டிக்கு இடம்விடுவதற்காக ஒருவரின் காரை வேறு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் காரைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறார். போகும் தெருவெல்லாம் அவருடைய பழைய காதலிகளின் தெரு. இன்னொரு பாட்டில் வீடு மாறுகிற நாளன்று, வளைந்த இரும்புப் படியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார்கள். படிக்குப் படி பாட்டு மெதுவாகிக்கொண்டே போகும். மேலே ஏறி முடிந்த பிறகுதான் தெரியும், வீடு மாறி ஏறிவிட்டார்கள் என்று. அங்கே கேட்கிற ஒரு சின்ன மௌனம் இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருப்பேன்.

மூன்றாவது தட்டில் ஒரு பாட்டின் நடுவே யாருடைய கதிரையோ முறிகிறது. வயலின்காரர் வில்லை எடுக்காமலே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு வயலினிலும் கேட்கிறது. அதை அப்படியே தட்டில் விட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் ஒன்றாக வாசித்தவர்களுக்குத்தான் அந்தத் துணிவு வரும்.

நான் அதற்கு நேரெதிரான ஆள். வாரநாட்களில் வில்லரே பகுதியில் ஒரு கார்டெரியில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்க்கிறேன். வார இறுதியில் நகரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு நிலவறையில் இருந்து எங்கள் சனத்தின் கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்ற வீடியோக்களைத் திருத்திக் கொடுக்கிறேன். படம் வெட்டுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் ஒலிக்காகத்தான் வருவார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் ஒருவர், வாசலை மறித்து நிற்கிற காரின் இலக்கத்தைச் சொல்லிக் கத்துவார். ஒரு குழந்தை வீரிட்டு அழும். ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமுவார். நான் கை வைத்தேனென்றால் ஐயர் பிறந்ததிலிருந்து இருமியதே இல்லை என்று ஆகிவிடும். "அவவிட்டைக் குடுத்தால் பளிங்கு மாதிரி வரும்" என்று ஆட்கள் சொல்வது என் காதிலும் விழும். விழட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

ஒரே ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். ஒரு கலியாண வீட்டில், அப்படிக் கார் இலக்கத்தைச் சொல்லிக் கத்தியவர் பெண்ணின் தாய்மாமன். மூன்று மாதத்தில் அவர் இறந்துபோனார். பெண் வந்து, மாமாவின் குரல் வேறெங்கும் இல்லை, அந்தக் கத்தலையாவது தாருங்கள் என்று கேட்டாள். நான் அதை எப்போதோ அழித்திருந்தேன். அன்றிலிருந்து வெட்டி எடுக்கிற எதையும் உடனே எறிவதில்லை. "கழிவு" என்று பெயர் ஒட்டிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைப்பேன். பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்கும்போது அதையும் துப்புரவாக்குவேன்.

கார்டெரியில் சமையல் செய்கிற பெண்தான் அந்தக் குழுவின் பாஸ்காரி, பெரிய வயலின் போன்ற டபுள் பாஸை நிறுத்திவைத்து வாசிப்பவள். நெடிய பெண். அந்த ஆளுயர வாத்தியத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் குள்ளமாகத் தெரியமாட்டாள். ஒரு இலையுதிர் காலத்தில் என்னிடம் ஒரு மெமரி கார்டைத் தந்தாள். அவர்களில் ஒருவரின் சமையலறையில், ஒரே நாளில், பதினொரு பாட்டுப் பதிவு செய்திருந்தார்கள். வழக்கமாகத் திருத்திக் கொடுப்பவர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாராம். கொஞ்சம் சுத்தம் செய்து தருவாயா என்று கேட்டாள்.

எனக்குக் கொஞ்சமாகச் சுத்தம் செய்யத் தெரியாது.

நிலவறையில் போட்டுக் கேட்டேன். இரண்டு மைக்கில் எடுத்திருந்தார்கள். ஒன்றில் பாட்டு அருமையாக இருந்தது. வயலினும் கிற்றாரும் மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிற்றாரும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு ஓடின. மற்ற மைக்கில் டக், டக், டக்கட டக் என்று ஒரே தட்டல். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. மைக் நிலத்தில் விழுந்துவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. அது கிடந்த இடத்திலிருந்து ஆட்களின் கால் சத்தத்தை நாள் முழுக்கப் பதிவு செய்திருக்கிறது.

மேலே போய் என் மனிசனிடம் சொல்லிச் சிரித்தேன். "மைக் விழுந்ததுகூடத் தெரியாமல் வாசிச்சிருக்கினமப்பா. என்ன மாதிரியான ஆக்கள் பாருங்கோ."

விழுந்த மைக்கின் பதிவை முழுவதுமாகத் தூக்கிக் கழிவு டிஸ்க்கில் போட்டேன். நல்ல மைக்கிலும் அந்தத் தட்டல் லேசாக விழுந்திருந்தது. யாரோ ஒருவர் காலால் தாளம் போட்டுக்கொண்டே வாசித்திருக்கிறார் என்று எனக்குச் சரியான கோபம். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வயலின் படித்தவள் நான். என் கால் தன்பாட்டில் ஆடினால் சங்கீத ரீச்சரின் அடிமட்டம் கணுக்காலில் இறங்கும். "தாளம் கையிலை போடு. காலிலை என்ன போடுறாய்?" வாத்தியத்தில் தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். இவ்வளவு நல்ல பாட்டைக் காலால் கெடுத்திருக்கிறார்களே என்று, நாலு வார இறுதி இருந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு டக்கையும் பொறுக்கி எடுத்தேன். அதைப்போல ஒரு வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை.

டிசம்பரில், நத்தாருக்கு முன், பாட்டுகளை ஒரு யூ.எஸ்.பி.யில் போட்டுக் கொடுத்தேன். அவர்களின் மெமரி கார்டையும் துடைத்து, திரும்பப் பாவிக்கத் தயாராகக் கொடுத்தேன். அது என் தொழில் மரியாதை. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதவள், அந்தக் கார்டை மட்டும் வெறுமையாகக் கொடுத்தேன்.

பாஸ்காரி நன்றி சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். கேட்டுப்பார் என்றேன். முடியாதாம். புதிய பதிவை ஐந்து பேரும் ஒன்றாக இருந்துதான் முதல்முதல் கேட்பார்களாம், தொடக்கத்திலிருந்தே அப்படித்தானாம். ஒரு ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் வந்ததும் நீயும் வா என்றாள்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். வில்லரேயில் இரண்டாம் மாடி. வெளிப்படியெல்லாம் பனி உறைந்து கிடந்தது. ஒரு கையில் கைபிடிக் கம்பி, மறு கையில் உளுந்து வடை டப்பா. பதிவு நடந்த சமையலறையே அதுதான். ஐந்து பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். வீட்டுக்காரிதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சக்கர நாற்காலியில் இருந்தார். சலரோகத்தால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காற்சட்டையின் அந்தப் பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்தது. என் வடையில் இரண்டை அடுத்தடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் எதற்கு ஓட்டை என்று கேட்டார்.

பாட்டைப் போட்டார்கள். நான் அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பாராட்டு எந்த முகத்தில் முதலில் தெரியும் என்று. ஒரு பாட்டுப் போனது. இரண்டு போனது. வயலின்காரர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் பாஸ்காரி கையை நீட்டி நிறுத்தினாள். 

பிறர் பேசாவிட்டால் எனக்குப் பொறுக்காது. வீட்டுக்காரியிடம் திரும்பி, என்னுடைய கார்டெரி பிரெஞ்சில், "நீங்கள் எதை வாசிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கால்" என்றார்.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டுப்பலகை சாத்தியிருந்தது. அதைக் காட்டினார். அதில் இரண்டு குதிக்கால் பட்டுத் தேய்ந்த இரண்டு பள்ளம். இங்கே பழைய காலத்தில் வயலின் இருந்த வீட்டில் மேளம் இருக்காதாம். கதிரையில் இருந்தபடி, நுனிக்காலும் குதிக்காலும் மாற்றி மாற்றி, இரண்டு காலாலும் வாசிப்பார்களாம். அவருடைய தகப்பனும் அப்படியாம். மைக் விழவில்லை. அவருடைய காலுக்காகவே நிலத்தில் வைத்திருந்தார்கள்.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. "நான்தான் எடுத்தேன். அழுக்கு என்று நினைத்து எடுத்தேன்" என்றேன். என் பிரெஞ்சு மூக்கைத் துடை, கடிக்காதே, வரிசையில் நில் என்று சொல்வதற்குக் கற்றது. மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு அதில் சொற்கள் இல்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பவில்லை. மெல்லச் சிரித்து, மற்ற நாலு பேரையும் பார்த்தார். "பரவாயில்லை. ஆபரேஷனுக்கு முதல் வாரம் அல்லவா. வலது பாதத்தில் உணர்ச்சியே இருக்கவில்லை. பலகையில் படுகிறதா என்றுகூடத் தெரியாமல்தான் வாசித்தேன். சரியில்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும்."

இல்லவே இல்லை, நாங்கள் எடுக்கச் சொல்லவில்லை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் தலையாட்டினார். எங்கள் கார்டெரியில் குழந்தைகள் பொய் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோமே, அப்படி. அவர் வாசித்த கடைசி வாசிப்பு அது. அது கேவலமாக இருந்ததால் நண்பர்கள் இரக்கப்பட்டு மறைத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பியர்பொன்ட்ஸுக்கு நீண்ட பயணம், அழுவதற்கு வேண்டிய நேரம் கிடைத்தது. கார்டைத் துடைத்துவிட்டேன். என் கணினியிலும் அழித்துவிட்டேன். கழிவு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியிருந்ததால், அந்த வருடப் பொங்கலுக்கு அதை உடைந்த சாமான் பெட்டியில் போட்டு, கழிவு சேர்க்கும் நிலையத்தில் எறிந்துவிட்டு வரும்படி மனிசனிடம் கொடுத்திருந்தேன்.

இங்கே என் மனிசனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் ஒன்றையும் எறியமாட்டார். இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நடக்கிற சண்டையில் பாதி அதைப் பற்றியதுதான். கராஜில் காரைத் தவிர எல்லாம் இருக்கிறது.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "இஞ்சாருங்கோ, பொங்கலுக்கு முதல் தந்த பெட்டியை எறிஞ்சிட்டீங்களோ?"

டீவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "ஓம், ஓம்" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் பேசமாட்டன்."

"பேசமாட்டீரோ?"

"பிள்ளையாராணை பேசமாட்டன்."

அவர் மெல்லத் திரும்பினார். "கராஜுக்குள்ளைதான் கிடக்கு. கோடை ரயருக்குப் பின்னாலை. அதுக்குள்ளை ஒரு டோஸ்ரர் கிடந்ததப்பா, திருத்தலாமெண்டு பாத்தன்."

வாழ்க்கையில் அந்த மனிசனை நான் அப்படிக் கட்டிப்பிடித்தது கிடையாது. பயந்துபோனார். "என்ன, உமக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்டார்.

டிஸ்க் ஓடியது. கரகரத்து, நின்று, மறுபடி ஓடி, ஒன்பது பாட்டின் தட்டலைத் தந்தது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. பத்தாவதையும் பதினோராவதையும் எடுக்கத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். வரவில்லை.

அந்த ஒன்பதையும் தனியாகப் போட்டுக் கேட்டேன். பாட்டும் வயலினும் எங்கோ தூரத்தில், கிட்டக் கேட்டது கால் மட்டும். நாலு வாரம் நான் கல் என்று பொறுக்கியதை முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். இடது கால் தடித்த குரல், வலது கால் கூர்மை. நுனிக்கால் கேள்வி கேட்கும், குதிக்கால் பதில் சொல்லும். குளிர்சாதனப் பெட்டிப் பாட்டில் அந்தக் கால்கள்தான் படி ஏறின. மூச்சு வாங்கின, ஒரு படியில் தடுமாறி நின்றன. வீடு மாறி ஏறியது தெரிந்ததும் வருகிற அந்த மௌனம், காலை இரண்டு தட்டல் நேரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்ததால் வந்தது. வயலின்தான் சிரிக்க வைக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். உணர்ச்சியே இல்லாத ஒரு பாதம் இதைச் செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. அந்த வாரத்தில்தான் பழைய ஐந்து தட்டுகளையும் தேடத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு திரும்பவும் அதே படி, அதே வடை. பாட்டோடு சேர்த்துப் போடவா என்று கேட்டேன். வேண்டாம், காலை மட்டும் போடு என்றார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தொடையில் வைத்தபடி கேட்டார்.  ஏழாவது பாட்டில் ஒரு விரலைத் தூக்கினார்.

"இந்த இடத்தில் பிந்திவிட்டேன்."

"நீ பிந்தவில்லை. நான் முந்திவிட்டேன்" என்றார் வயலின்காரர்.

"நீ எப்போதும் முந்துகிறவன்தான். ஆனால் இது நான்."

இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நான் திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசியில் வயலின்காரர்தான் முந்தினார் என்று முடிவானது. வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அப்படியென்றால் என் கால் சரியாகத்தான் இருந்திருக்கிறது" என்றார். ஓம் என்றேன். அவசரத்தில் தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

மிச்சம் இரண்டு பாட்டு. பத்தாவதை விட்டுவிடுவோம், அதில் எனக்கே விருப்பமில்லை என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டார். பதினோராவது, சோடி தொலைந்துபோன ஒரு கையுறையின் புலம்பல். இடது கையுறை மெற்றோவில் விழுந்துவிட, வலது கையுறை குளிர்காலம் முழுக்க ஒரு சட்டைப் பையில் தனியாகக் கிடந்து பாடுகிறது. அதை விட ஒருவருக்கும் மனம் வரவில்லை. "புதிதாக எடுப்போம். எனக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறதே. பாட்டுக்கும் பொருத்தம்" என்று வீட்டுக்காரி சொன்னதற்கு முதலில் சிரித்தவரும் அவர்தான்.

ஏப்ரலில், படியிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் எடுத்தோம். ஒரு மைக்கை நடுவில் வைத்தேன். மற்றதை என் கையாலேயே நிலத்தில் வைத்தேன். அதன் தாங்கி உடைந்திருந்ததால், பலகை ஓரத்தில் ஒரு முக்காலியில் இருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரி மற்றவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். வலது கால் விழவேண்டிய இடத்தை எவரும் நிரப்பக்கூடாது. பாஸும் நிரப்பக்கூடாது. அப்படியே விடவேண்டும்.

தொடங்கினார்கள். இடது கால் விழுந்தது. பிறகு ஒரு வெற்றிடம். மறுபடி இடது கால், மறுபடி வெற்றிடம். பாட்டு நொண்டி நொண்டிப் போனது.  பாட்டின் இரண்டாவது அடியில், அந்த வெற்றிடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை நாள் தனியாக இருந்து கேட்ட கால் அது. ஒவ்வொரு முறையும் அது எங்கே விழும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

பாட்டு முடிந்தது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மைக்கைத்தான் ஆட்டிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். சொக்ஸ் போட்ட என் வலது குதிக்கால் அந்தப் பலகையின் மேல் இருந்தது.

கணுக்காலில் அடிமட்டம் விழப்போகிறது என்பதுபோலக் காலை இழுத்துக்கொண்டேன். "மன்னியுங்கள். நான் எடுத்துவிடுகிறேன், எனக்கு எடுக்கத் தெரியும்" என்று உளறினேன்.

"தொட்டுப் பார்" என்றார் வீட்டுக்காரி. "வடையோடு வந்தாலும் கதவு திறக்கமாட்டேன்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். மூன்றாவது அடியிலிருந்து கேட்கிறது. மெத்தென்ற சத்தம், சில இடத்தில் ஒரு மயிரிழை பிந்துகிறது. கலியாண வீட்டில் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்திருப்பேன். கணினியை மூடிவிட்டு மேலே போய், மனிசனோடு இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

கோடை தொடங்கும்போது தட்டு வந்தது. பின்பக்கத்தில் ஐந்து பேரின் பெயரும், எதிரே அவரவர் வாசித்ததும் போட்டிருந்தார்கள். வயலின், கிற்றார், ஸ்டீல் கிற்றார், பாஸ், கால். எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர். ஒலிச்சுத்தம் என்று போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். வலது கால், கடைசிப் பாட்டில் மட்டும் என்று போட்டிருந்தது.